உங்களுக்குத் தெரியுமா? பொம்மை ரோபோ வீடு கூட்டிய கதை

ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் பழம்பொருள் சந்தையில் ஒரு பொம்மை ரோபோவைக் கண்டேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும் உயரம், மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக், நெஞ்சில் கேசட் போடும் கதவு. பெயர் அழிந்திருந்தது. ரிமோட் இல்லை. ஒரு கை தொங்கியது. வாங்கிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாக மலையேறும்போதே முடிவு செய்துவிட்டேன்: இதை வீடு கூட்ட வைக்க வேண்டும். கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் இருக்கும் என் வீட்டு மேசையில் அது மூன்று மாதம் திறந்து கிடந்தது. அந்த நாட்களில் படித்ததும், பார்த்ததும், கை சுட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்த இதழின் துணுக்குகள்.

நெஞ்சில் கேசட்

ஜப்பானின் டோமி நிறுவனம் 1984-இல் ‘ஆம்னிபாட்’ என்ற ரோபோ பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நெஞ்சுக்குள் ஒரு கேசட் பிளேயர் இருந்தது. பாட்டும் கேட்கலாம், அதைவிடப் பெரிய வேலையும் வாங்கலாம். ரிமோட்டை வைத்து முன்னே, பின்னே, இடம், வலம் என்று ஒருமுறை ஓட்டிக் காட்டினால், அந்தக் கட்டளைகள் ஒலியாகக் கேசட்டில் பதிவாகும். பிறகு கேசட்டை ஓடவிட்டால் ரோபோ அதே நடையை மறுபடி நடக்கும். விருந்தாளிக்குத் தட்டில் பானம் கொண்டுபோய்க் கொடுக்கும் ரோபோ என்பதுதான் அன்றைய விளம்பரக் கனவு. அடுத்த ஆண்டே ‘ஆம்னிபாட் 2000’ என்ற பெரிய அண்ணனும் வந்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் இருப்பது தெரியாது. நேற்று பதிந்த பாதையில் இன்று யாராவது நாற்காலியை நகர்த்தி வைத்தால், முட்டிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றியபடியே நிற்கும். ஓடித் திரிய அதன் மோட்டார் வலு போதுமானதாகவே இருந்தது. இல்லாதது தொடு உணர்வு. வீடு கூட்டுவதற்கு அதுதான் முதல் தேவை.

பேசும் பாப்பா வழியே வந்த துடைப்பம்

பொம்மைக்கும் வீடு கூட்டும் ரோபோவுக்கும் உள்ள உறவு வெறும் கற்பனை இல்லை. உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ‘ரூம்பா’வைச் செய்த ஐரோபாட் நிறுவனத்தை 1990-இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மூவர் தொடங்கினார்கள்: காலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர், ராட்னி புரூக்ஸ். ஆராய்ச்சிக்கான ரோபோக்களும் ராணுவத்துக்கான ரோபோக்களும் அவர்கள் தொழில். அந்த உலகில் ஓர் இயந்திரத்தின் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

பிறகு ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனத்துடன் சேர்ந்தார்கள். 2000-இல் ‘மை ரியல் பேபி’ என்ற, முகபாவம் காட்டிச் சத்தமிடும் குழந்தைப் பொம்மை வெளிவந்தது. பொம்மைத் தொழிலில் ஒவ்வொரு திருகாணிக்கும் சென்ட் கணக்கு உண்டு. எதை எடுத்துவிட்டால் பொருள் இன்னும் வேலை செய்யும், எந்தப் பிளாஸ்டிக்கை எப்படி வார்த்தால் மலிவாக முடியும் என்பதை அவர்கள் அங்கேதான் கற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2002 செப்டம்பரில், ரூம்பா 199 டாலருக்கு வந்தது. அதற்கு ஓராண்டு முன்பே சுவீடனின் எலக்ட்ரோலக்ஸ் ‘டிரைலோபைட்’ என்ற ரோபோத் தூசி உறிஞ்சியை விற்கத் தொடங்கியிருந்தது. வௌவாலைப் போல ஒலி அனுப்பி வழி அறியும் நல்ல இயந்திரம்தான். ஆனால் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மலிவாகச் செய்யும் கலையைக் கற்றுக்கொடுத்தது பொம்மை. ஈப்போவில் நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு இது தெரியாது; தெரிந்தபின் என் மேசையில் கிடந்ததைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

அந்தச் சொல்

‘ரோபோ’ என்ற சொல் 1920-இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசப். வேர்ச்சொல் ‘ரோபோட்டா’. நிலக்கிழாருக்கு அவர் நிலத்துக் குடிகள் கொடுத்தாக வேண்டிய கட்டாய உழைப்பு என்று அதற்குப் பொருள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று உறைக்கும். மலாயாவுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரும் முறை 1910-இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் வழியாக ஆள் சேர்த்து அனுப்புவது 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை நடந்தது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, முதுகில் கூடை சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். மனிதனிடம் வாங்கிய கட்டாய உழைப்பின் பெயரைத்தான் பிறகு இயந்திரத்துக்கு வைத்தார்கள். என் பாட்டி விடியற்காலையில் லயத்து வாசலைப் பெருக்கிவிட்டுத்தான் மலைக்குப் போவார். அவர் கையில் இருந்த ஈர்க்குமாற்றின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

உறிஞ்சிப் பார்த்த கைக்குட்டை

தூசியை ஊதித் தள்ளும் இயந்திரத்தின் செய்முறைக் காட்சி ஒன்றை 1901-இல் லண்டனில் பார்த்தார் பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத். ஊதினால் தூசி வேறிடத்தில் போய் உட்காரும், உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலி மெத்தைமேல் கைக்குட்டையை வைத்து, வாயால் இழுத்துப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அவர் செய்த முதல் இயந்திரம் குதிரை வண்டியில் வரும். பெட்ரோல் எஞ்சின் தெருவில் நிற்க, குழாய்கள் சன்னல் வழியாக வீட்டுக்குள் போகும்.

வீட்டுக்குள் நுழையும் அளவுக்கு அதைச் சிறிதாக்கியவர் பொறியாளர் அல்லர். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து கேன்டன் நகரில் ஒரு கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்க்லர். அவருக்கு ஆஸ்துமா. பெருக்கும்போது எழும் தூசி மூச்சைப் பிடித்தது. ஒரு மின்மோட்டார், ஒரு துடைப்பக்கட்டை, ஒரு தலையணை உறை. இவற்றைக் கட்டி 1907-இல் தனக்காக ஒன்றைச் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் பெயர் ஹூவர். இன்றும் இங்கிலாந்துக்காரர்கள் தூசி உறிஞ்சுவதற்கே அந்தப் பெயரைத்தான் வினைச்சொல்லாகச் சொல்கிறார்கள். ஆக, வீட்டு உபயோகத் தூசி உறிஞ்சி பிறந்ததே வீட்டுக் கைவேலையாகத்தான்.

மாமா சொன்ன நத்தை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். என் வேலை இரண்டு வாரம் நின்றது இந்த இடத்தில்.

முதலில் பழைய கணினியிலிருந்து கழற்றிய சதுர விசிறியை ரோபோவின் வயிற்றில் பொருத்தினேன். கையை வைத்தால் காற்று நன்றாகவே வந்தது. பின்னால் துணிப்பையை மாட்டியதும் செத்துவிட்டது. தரையில் கிடந்த ஒரு தேயிலைத் துகளைக்கூட அது தூக்கவில்லை. எங்கள் வரிசையில், தோட்டத் தொழிற்சாலையில் நெடுநாள் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். வந்து குனிந்து பார்த்தார்.

“என்னப்பா, கொழுந்து வாட்டுற விசிறிய வெச்சு உறிஞ்சப் பார்க்குற?”

“காத்து வருதே மாமா.”

“வரும். குறுக்க எதையாவது வெச்சா நின்னுடும். உனக்கு அடுப்பு ஊதுற புளோவர் வேணும். நத்தை மாதிரி இருக்குமே, அது.”

அவர் சொன்னதில் ஒரு பாடப் புத்தகமே இருக்கிறது. பறித்து வந்த கொழுந்தை வலைப்படுக்கையில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு மணிக்கணக்கில் வாட்டுவார்கள். அதற்கு நிறையக் காற்று வேண்டும், அழுத்தம் கொஞ்சம் போதும். மேசை விசிறி போல இறக்கை சுழலும் விசிறி அந்த வேலைக்குப் பொருத்தம். தூசி உறிஞ்சிக்கு நேர்மாறு: காற்று கொஞ்சம் போதும், ஆனால் துணிப்பையின் தடையை மீறித் தள்ளும் அழுத்தம் வேண்டும். நத்தைக்கூட்டு வடிவப் புளோவரில் காற்று நடுவே நுழையும். சுழலும் சக்கரம் அதை விளிம்புக்கு வீசியடிக்கும். வேகம் கூட்டின் சுற்றில் அழுத்தமாக மாறி ஒரே வாயில் வெளியேறும். நடுவே காலியான இடத்துக்கு வெளிக்காற்று பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலில்தான் தூசி ஏறி வருகிறது. உறிஞ்சி எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் உள்ளே தள்ளுகிறது.

மீன் சுடும் அடுப்புக்கு விற்கும் 12 வோல்ட் புளோவர் ஒன்று வாங்கினேன். துகள் பறந்து போய்ப் பையில் விழுந்தது.

இன்னொன்று. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு செடிவரிசைமேல் நடத்தும் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஒரு புளோவர் உண்டு. வெட்டிய இலையைக் காற்றால் தள்ளிப் பின்னால் இழுபடும் நீளப் பைக்குள் அனுப்புவது அதன் வேலை. வீட்டுத் தூசி உறிஞ்சியும் அதுவும் ஒரே குடும்பம்.

மலைக்காற்று மெலிசு

பிரிஞ்சாங் நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஒரு கன மீட்டர் காற்றில் அடங்கியிருக்கும் காற்றின் எடை, கடலோரத்து வெயிலில் இருப்பதைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. ஒரே புளோவர் ஒரே வேகத்தில் சுழன்றாலும் இங்கே அதன் உறிஞ்சும் அழுத்தம் அதே விகிதத்தில் குறையும். சோறு வேகத் தாமதமாகும் அதே காரணம், கொஞ்சம் வேறு வேடத்தில். குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். அங்கே இன்னும் குறையும்.

பெரும்பாலான வேலை பிரஷ்ஷுடையது

வீட்டில் இழுத்துப் பயன்படுத்தும் தூசி உறிஞ்சி 1,000 வாட்டுக்கு மேல் தின்னும். வீடு கூட்டும் ரோபோவுக்கு 30 வாட் அளவிலேயே வேலை நடக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன இயந்திரம் எப்படிச் சமாளிக்கிறது? அடியில் சுழலும் உருளைப் பிரஷ் குப்பையைக் கிளப்பித் தொட்டிக்குள் எறிந்துவிடுகிறது. காற்று கடைசியில் நுண்தூசியை மட்டும் கவனித்துக்கொள்கிறது. மின்சாரமே இல்லாமல், தள்ளினால் சக்கரத்தோடு பிரஷ் சுழலும் கம்பளப் பெருக்கியை அமெரிக்கர் மெல்வில் பிசெல் 1876-லேயே செய்துவிட்டார். ரூம்பாவின் வயிற்றில் இருப்பது பாதி பூத்தின் யோசனை, பாதி பிசெலின் யோசனை.

என் ரோபோவுக்கு, பாட்டில் கழுவும் இரண்டு பிரஷ்களை வெட்டி எதிரெதிராகச் சுழலவிட்டேன். முடிதான் எதிரி. நீள முடி பிரஷ்ஷின் அச்சில் நூல்கண்டு போலச் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கத்தரிக்கோல் வைத்து வெட்டி எடுக்கிறேன்.

திறக்கும் முன்

பழைய பொம்மையின் பேட்டரி அறையில் வெள்ளைப் பூச்சாக ஒன்று படிந்திருந்தால், அது பெரும்பாலும் ஆல்கலைன் பேட்டரி கசிந்தது. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். எனவே வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் சமனாகிக் கரையும். அதைவிடப் பழைய கார்பன்-துத்தநாக பேட்டரி கசிந்தால் அது அமிலப் பக்கம். அதற்குச் சோடா உப்பு. கையுறை கட்டாயம். நான் போடாமல் தொட்டேன், விரல் நுனி இரண்டு நாள் எரிந்தது.

கேசட் பகுதியின் ரப்பர் பெல்ட் தார் போல உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கும். தொட்டால் கையெல்லாம் கறுப்பு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். மஞ்சளித்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் பழைய நிறம் திரும்பும். ஆனால் பிரிஞ்சாங்கில் அதற்கு வேண்டிய வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். என் ரோபோவின் ஒரு கன்னம் இன்னும் மஞ்சள்தான்.

லித்தியம் பேட்டரி மாட்டுகிறவர்கள் பாதுகாப்புச் சுற்றுப்பலகை இல்லாமல் மாட்டவே கூடாது. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மதுக்கடையின் பெயர்

கைவேலைக்காரர்கள் பலரும் பயன்படுத்தும் ‘ஆர்டுயினோ’ என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகை 2005-இல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காக உருவானது. அதை உருவாக்கியவர்கள் கூடும் மதுக்கடையின் பெயர் அது. அந்தக் கடைக்குப் பெயர் கொடுத்தவரோ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஓர் அரசர்.

343

ரோபோவின் கண்ணாக இரண்டு வட்டக் குழல் கொண்ட சின்ன ஒலிமானி ஒன்றைப் பொருத்துவது வழக்கம். நம் காதுக்கு எட்டாத 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். சுவரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணும். போய்வர ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோ வினாடி. இந்தக் கணக்குக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது 20 பாகை வெப்பத்தில் உள்ள வேகம். நம் பிரிஞ்சாங்கின் பகல்! ஈப்போவின் 32 பாகை வெயிலில் ஒலி நொடிக்கு 350 மீட்டரைத் தாண்டிவிடும். ஒரு மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பிசகும். பாடப் புத்தக எண் அப்படியே பொருந்துகிற ஊரில் இருக்கிறோம் என்று எனக்கு ஏக மகிழ்ச்சி.

ஆனால் சுவர் திருப்பி அனுப்பும் ஒலியைக் கம்பளிப் போர்வை விழுங்கிவிடும். குளிர் ஊரில் கட்டிலிலிருந்து தொங்கும் போர்வைக்குக் குறைவில்லை. ரோபோ அதை வெட்டவெளி என்று நினைத்து நேரே போய்ச் சிக்கிக்கொண்டது. அதனால் முன்பக்கம் ஒரு முட்டுத்தடியும் வைத்தேன்: பட்டால் அழுந்தும், ஒரு சுவிட்ச் ‘டிக்’ என்று ஒலிக்கும், ரோபோ பின்வாங்கும். முதல்முறை அந்த ‘டிக்’ கேட்டு அது தானாகத் திரும்பியபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

ஆமை எல்சி

முட்டினால் விலகு, வெளிச்சம் கண்டால் போ. இவ்வளவே தெரிந்த இரண்டு ‘ஆமை’களை 1948, 1949-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செய்தார் மூளை ஆய்வாளர் கிரே வால்டர். பெயர் எல்மர், எல்சி. சார்ஜ் குறைந்தால் விளக்கு எரியும் தன் கூண்டைத் தேடிப் போகும் வகையில் அமைத்திருந்தார். இன்று கூட்டும் ரோபோ வேலை முடிந்து தன் இடத்துக்குத் திரும்பிச் சார்ஜ் ஏற்றிக்கொள்வதன் முன்னோடி அது.

தற்செயலின் கணக்கு

ஆரம்பகால ரூம்பாவிடம் வீட்டின் வரைபடம் கிடையாது. கொஞ்சம் சுருளாகச் சுற்றும், கொஞ்சம் சுவரோரம் போகும், முட்டினால் ஏதோ ஒரு கோணத்தில் திரும்பும். அப்படித் திரிந்தால் வீடு சுத்தமாகுமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம். அறையின் பரப்பளவுக்குச் சமமான இடத்தைப் பெருக்கும் அளவு தூரத்தை முற்றிலும் தற்செயலாக ஓடி முடித்தால், சுமார் 37 விழுக்காடு இடம் தொடப்படாமல் மிஞ்சும். இரண்டு மடங்கு ஓடினால் 14. மூன்று மடங்கு ஓடினால் 5. அவசரம் இல்லாத வேலைக்காரருக்கு வரைபடம் தேவையில்லை. என் பொம்மைக்கும் இதே வழிதான். கேசட்டில் பாதையைப் பதிந்து ஓட்டிய அதன் பழைய வாழ்க்கைக்கு முற்றிலும் எதிரான வழி.

தலையாட்டி பொம்மை சொன்ன பாடம்

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைச் சாய்த்தால் எழுந்து நிற்பது ஏன்? அடி உருண்டை, எடை முழுவதும் அடியில். என் ரோபோ மிதியடி விளிம்பில் ஏறும்போதெல்லாம் மல்லாந்து விழுந்தது. தலையிலும் நெஞ்சிலும் இருந்த கேசட் இயந்திரம், ஒலிபெருக்கி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேட்டரியைச் சக்கர அச்சுக்குக் கீழே இறக்கினேன். பிறகு விழவில்லை. ஒலிபெருக்கியை மட்டும் தூக்கிப்போட மனமில்லாமல் மீண்டும் அடியில் பொருத்திவிட்டேன்.

நாட்டுச் சரக்கு

உங்கள் பிள்ளையின் ஹாட் வீல்ஸ் காரைக் கவிழ்த்துப் பாருங்கள். பலவற்றில் மலேசியா என்று பொறித்திருக்கும். பினாங்கு பிறையில் மேட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகே தன் பையில்லாத் தூசி உறிஞ்சியைச் சரிசெய்த ஜேம்ஸ் டைசன், 2002-இல் அதன் உற்பத்தியை இங்கிலாந்திலிருந்து மலேசியாவுக்கு மாற்றினார். ரூம்பாவின் ஒரு பகுதி உற்பத்தியும் 2019-இல் மலேசியாவுக்கு வந்தது. பொம்மையும் தூசி உறிஞ்சியும் நமக்கு அந்நியம் இல்லை.

கழற்றிப் பார்த்தவர்

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளவயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிள்மேல் ஆசைப்பட்டார். உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, முழுவதையும் கழற்றி மறுபடி பூட்டியது. பின்னாளில் பேருந்துகள் ஓட்டினார், மின்சவரக் கருவி செய்தார், தொழில்நுட்பக் கல்விக்கூடம் தொடங்கினார். எல்லாம் அந்தத் திருகாணிகளில் தொடங்கியது என்று நான் நம்புகிறேன்.

கேமரன் மலையில் அந்தப் பழக்கம் சாலையிலேயே ஓடுகிறது. வேறெங்கும் காட்சிப்பொருளாகிவிட்ட பழைய லேண்ட்ரோவர்கள் இங்கே முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிச் சேற்றுப் பாதையில் ஏறி இறங்குகின்றன. அந்த வண்டிகளில் உள்ளது போன்ற மழைத்துடைப்பான் மோட்டார், ரோபோ செய்கிறவர்களுக்கு ஒரு வரம்: 12 வோல்ட், மெதுவான சுழற்சி, நல்ல முறுக்கு வலு. பொம்மையின் மூல மோட்டார்கள் புளோவரின் எடையைச் சுமக்க முடியாமல் திணறியபோது மாமாதான் ஒரு பழைய துடைப்பான் மோட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தார். “இன்னொன்னும் கெடைக்கும்பா, நாளைக்குக் கேட்டு வாங்கியாறேன்” என்றார். மறுநாள் வந்தது.

 

ஜீனோ

தமிழ் வாசகரின் மனத்தில் முதலில் குடியேறிய ரோபோ, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் நாய்க்குட்டி ஜீனோ. எழுதியவர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துப் பொறியாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். என் ரோபோவுக்கு வீட்டில் வைத்த பெயரும் அதுதான்.

தூசியே சரக்கான ஊர்

தேயிலையில் ‘டஸ்ட்’ என்பது குப்பை இல்லை, ஒரு தரம். சலிக்கும்போது கடைசியில் விழும் மிகப் பொடியான துகள். சீக்கிரம் இறங்கும், நிறமும் திடமும் கூடும். நம் வீட்டுப் பால்தேநீருக்கு அதுதான் ஏற்றது.

சலிக்கும் முன் உலர்ந்த தேயிலையில் கலந்திருக்கும் நாரையும் காம்பையும் எடுக்கத் தொழிற்சாலையில் ஒரு தந்திரம் உண்டு. பிளாஸ்டிக் உருளைகள் கம்பளித் துணியில் உரசிக்கொண்டே சுழலும். உரசலில் நிலைமின்சாரம் ஏறும். அடியில் தேயிலை ஓடும்போது லேசான நார் மட்டும் துள்ளி உருளையில் ஒட்டிக்கொள்ளும். இலைத்துகள் தன் வழியில் போய்விடும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்துண்டைத் தூக்கும் விளையாட்டேதான், தொழிற்சாலை அளவில்.

என் ரோபோவின் துணிப்பைக்குள்ளும் இதைப் பார்த்தேன். மழை நாளில் தூசி ஈரத்தோடு உருண்டை உருண்டையாக விழும். காற்று காய்ந்த நாட்களில் பிளாஸ்டிக் வாயின் உள்பக்கம் முழுக்க மயிர் போல நார் ஒட்டி நிற்கும், தட்டினாலும் உதிராது. ஈரவிரலால் வழித்துத்தான் எடுக்க வேண்டும்.

பையைக் கொட்டியபோது

சென்ற வெள்ளிக்கிழமை ஜீனோ முதல்முறை கூடத்தை விட்டு அடுப்படிவரை போய்த் திரும்பியது. நாற்பது நிமிடம் ஓடியது. அடுப்படிப் படியில் இறங்காமல் இருக்க, அடியில் தரையைப் பார்க்கும் அகச்சிவப்புக் கண் ஒன்று வைத்திருக்கிறேன்; தரை திடீரென்று எட்டப் போனால் நின்றுவிடும். கறுப்பு மிதியடி அந்த ஒளியைத் திருப்பி அனுப்பாததால் அதையும் பள்ளம் என்று எண்ணி நின்றது. மிதியடியை மாற்றினோம்.

பேட்டரி ஓய்ந்ததும் பையைக் கழற்றி, நாளிதழை விரித்துக் கொட்டினேன். மாமாவும் வந்து பக்கத்தில் குந்தினார். அக்காவின் நீள முடி. கம்பளிச் சட்டையின் நீல நூல். ஐந்தாறு அரிசி. காலணியில் ஒட்டி வந்து காய்ந்த செம்மண். கால் கரண்டி அளவுக்குத் தேயிலைத் தூள். ஒரு வெள்ளைப் பாசிமணி.

மாமா மணியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். “இது எங்க பேத்தியோடது. தீபாவளிக்கு வந்தப்போ கால் கொலுசுல இருந்து தெறிச்சதுன்னு தேடித் தேடி அழுதா,” என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.